கொஞ்சம் ஆட்டம் இருக்கு

அப்பாவின் கருவிப் பெட்டிக்குள் ஸ்க்ரூ ஸ்பேனருக்கு அனுமதி கிடையாது. அது திண்ணைக்கு அடியில், சாவி தொலைந்த பூட்டுகளோடும் துருவேறிய கீல்களோடும் கிடக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது இரவல் கேட்டு வந்தால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். பெட்டிக்குள் இருந்த ரிங் ஸ்பேனர்களும் டபுள் எண்ட் ஸ்பேனர்களும் வாசற்படி தாண்டியதில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். மனிதர்களிடம் பார்க்காத உயர்வு தாழ்வைக் கருவிகளிடம் பார்ப்பார்.

ஸ்க்ரூ ஸ்பேனர் மேல் அவருக்கு இருந்த புகார் ஒன்றே ஒன்றுதான். அதன் வாயை ஒரு நட்டுக்கு அளவாக வைத்துவிட்டு, என் காதருகே கொண்டுவந்து ஆட்டுவார். நகரும் தாடை டிக் டிக் என்று மெல்லத் தட்டும்.

"கேக்குதா பாப்பா? ஆட்டம் இருக்கு. இந்த ஆட்டம்தான் நட்டோட முனையத் தின்னும்."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. தாடை நகர வேண்டுமென்றால் அது ஓடும் பள்ளத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். தாடையின் அடியில் வரிசையாகப் பற்கள்; அவற்றுக்கும் கட்டைவிரலால் உருட்டுகிற சின்னத் திருகுக்கும் நடுவில் இன்னொரு இடைவெளி. அந்தத் திருகு சுழலும் ஊசியில் மற்றொன்று. எல்லாம் சேர்ந்து, கைப்பிடியில் பலம் ஏறும்போது வாய் மயிரிழை விரிந்துவிடுகிறது. நட்டின் இரண்டு முகங்களை அகலமாக அணைக்க வேண்டிய தாடைகள், இரண்டு முனைகளை மட்டும் கவ்வி இழுக்கின்றன. முனை மழுங்கி நட்டு ரவுண்டாகிவிட்டால் அப்புறம் அதற்கு உளிதான் கதி. நகரும் தாடை இருக்கும் பக்கமாக இழுத்தால் பாரம் நிலையான தாடைமேல் விழும், ஸ்பேனர் தாங்கும் என்பது இதை வைத்து வேலை செய்கிறவர்கள் முதலில் படிக்கும் பாடம். இரவல் வாங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது. தெரியாமல்தான் அந்த ஸ்பேனருக்குக் கெட்ட பெயர்.

பற்கள் என்றதும் நீலகிரி எஞ்சின்கள் நினைவுக்கு வருகின்றன. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பல்தண்டவாளம் ஓடும். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு மலையேறும். அந்த எஞ்சின்கள் பழுதுபார்க்கப் பொன்மலைக்குத்தான் வரும். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி இல்லாவிட்டால் வண்டி ஏறாது, இருந்தால் குலுங்கும், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்துவதுதான் வேலை என்பார் அப்பா. ஸ்பேனரிலும் அதே கதைதானே என்று கேட்டிருக்கிறேன். "எஞ்சினு மலையேறுது, இது என்னத்த ஏறுது?" என்று அடக்கிவிட்டார். எஞ்சினுக்குக் கிடைத்த மன்னிப்பு ஸ்பேனருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அந்த வடிவத்துக்குச் சொந்தக்காரர் அப்பாவைப் போலவே பட்டறையில் வளர்ந்த ஆள். யோஹான் பெட்டர் யோஹான்சன், 1853இல் சுவீடனின் வோர்கோர்டாவில் பிறந்தவர். கூலி வேலை, ரயில் பாதை வேலை, எந்திரப் பட்டறை என்று சுற்றிவிட்டு 1886இல் என்ஷோப்பிங் என்ற சிற்றூரில் சொந்தமாகப் பட்டறை போட்டார். சுற்றுவட்டாரப் பண்ணைகளின் எந்திரங்களைப் பழுதுபார்க்கப் போவார். அந்தக் காலத்தில் நட்டுக்கு ஊர்ப்பொது அளவு கிடையாது. எந்தக் கொல்லன் அடித்தானோ அவன் வைத்ததுதான் அளவு. ஒவ்வொரு வேலைக்கும் சுமை சுமையாக ஸ்பேனர்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முதலில் குழாயைப் பிடிக்கும் கருவி ஒன்று செய்து 1888இல் காப்புரிமை வாங்கினார். அடுத்து, 1892இல், தாடைக்கு அடியில் பல்வரிசையும் அதை நகர்த்தும் திருகும் கொண்ட ஸ்பேனர். பி. ஏ. யோர்ட் என்பவரின் நிறுவனம் அதை உலகெங்கும் விற்றது. அந்தப் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான் பாக்கோ என்ற முத்திரை. நம் நாட்டிலும் அந்த வழி வந்து சேர்ந்தது. நாசிக்கில் டபாரியா நிறுவனம் 1969இல் கைக்கருவி செய்யத் தொடங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்தது ஒரு சுவீடன் நிறுவனம்தான்.

அப்பாவின் பெட்டி கனமாக இருந்ததற்கும் யோஹான்சன் அந்த ஸ்பேனரைச் செய்ததற்கும் காரணம் ஒன்றே. பெட்டியில் பாதி அங்குலம், பாதி மில்லிமீட்டர். அங்குலத்திலும் விட்வர்த் அளவு ஒரு தினுசு. அரை அங்குலம் என்று பொறித்த விட்வர்த் ஸ்பேனரின் வாயை அளந்தால் 23 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக இருக்கும். பொறித்திருக்கும் எண் போல்ட்டின் பருமன், வாயின் அகலம் இல்லை. சிறுவயதில் இது எனக்குப் பெரிய மோசடியாகத் தோன்றியது. 1956இல் மெட்ரிக் சட்டம் வந்தபிறகும் பழைய எந்திரங்கள் அங்குலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் அப்பாவின் தலைமுறை ஃபிட்டர்கள் இரண்டு கணக்கையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். முக்கால் அங்குல நட்டுக்குப் 19 மில்லிமீட்டர் போகும், மற்றதற்கெல்லாம் அடம் பிடிக்கும் என்பதை வாய்ப்பாடு போலச் சொல்வார்கள்.

1841 என்ற ஆண்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஜோசப் விட்வர்த், போல்ட் நட்டுகளின் மரைக்கு நாடு முழுதும் ஒரே அளவு வேண்டும் என்று முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. இத்தனை பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்று. எல்லோரும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால் வாய் மாறும் ஸ்பேனரே தேவைப்படாது. அதே ஆண்டில் கடலுக்கு அந்தப் பக்கம், மாசசூசெட்ஸின் வூஸ்டரில், லோரிங் கோஸ் என்பவர் வாய் மாறும் ஸ்பேனருக்குக் காப்புரிமை வாங்கினார். கைப்பிடியோடு ஒட்டி நீளும் ஒரு திருகு. பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலாலேயே அதைச் சுழற்றலாம், இன்னொரு கை வேண்டாம். உலகம் ஒழுங்குக்கு வந்துவிடும் என்று ஒருவர் நம்பினார். அது வரவே வராது என்று இன்னொருவர் அடித்துச் சொன்னதுபோல் இருக்கிறது. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் தனியாக ஒரு அளவைக் கொண்டுவந்தார். ஒரே அளவு என்று கிளம்பியது இரண்டாயிற்று, மெட்ரிக்கோடு மூன்றாயிற்று. கோஸ்தான் ஜெயித்தார் என்று நான் சொல்வேன். அப்பா விட்வர்த் கட்சி.

இங்கிலாந்திலும் வாய் மாறும் ஸ்பேனர் ஆசை ஆட்களை விடவில்லை. 1842இல் குளொஸ்டர்ஷயரில் ரிச்சர்ட் கிளைபர்ன் ஒன்று செய்தார். அதே வட்டாரத்தில், 1830இல் புல் வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்த எட்வின் புட்டிங்கும் திருகு வைத்த ஸ்பேனர் ஒன்றைச் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு அமெரிக்கப் பட்டறைகளுக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. எஸ் எழுத்துபோல் வளைந்த கைப்பிடி. ஒரு நுனியில் சுத்தியல், மறுநுனியில் வாய். துளைபோடும் கருவியோடு ஒட்டிப் பிறந்த ஸ்பேனர். மிதிவண்டி பெருகிய நாளில் ஹார்ட்ஃபோர்டில் சார்லஸ் பில்லிங்ஸ் செய்த ஸ்பேனர் சட்டைப்பையில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை எவனோ ஒருவனுக்கு ஒரு நாள் மதியம் வந்த எரிச்சலுக்குப் பதில். அந்த எரிச்சல் நமக்கு வராத வரைக்கும் கருவி கோமாளித்தனமாகத்தான் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தது டுலூத் நகரத்து டயமண்ட் கம்பெனி. குதிரைக்கு லாடம் செய்வதற்கென்று 1908இல் தொடங்கியது. கார்கள் வந்து குதிரைகள் குறைந்ததும் லாடத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் ஸ்பேனர் அடிக்க ஆரம்பித்தார்கள். இரு பக்கமும் வாய் வைத்த ஸ்க்ரூ ஸ்பேனர்கூட அவர்களிடம் உண்டு: ஒரு நுனியில் சின்ன வாய், மறுநுனியில் பெரிய வாய். காகிதத்தில் பார்க்க அழகு. வேலையில் ஒரு வாய் நட்டைக் கடிக்கும்போது மறுவாய் உள்ளங்கையைக் கடிக்கும். அதோடு ஆட்டமும் இரண்டு மடங்கு. அப்பா இதைப் பார்த்திருந்தால் இரவல் கொடுக்கக்கூட லாயக்கில்லை என்றிருப்பார்.

கைச்சண்டைக்காரர் ஒருவரும் இந்தப் பட்டியலில் உண்டு. ஜாக் ஜான்சன், குத்துச்சண்டையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். வெள்ளையரை அவர் வீழ்த்தியதை அமெரிக்காவால் செரிக்க முடியவில்லை. 1913இல் 'மான் சட்டம்' என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் அவரைக் குற்றவாளியாக்கி, 1920இல் லெவன்வொர்த் சிறைக்கு அனுப்பினார்கள். 1922 ஏப்ரலில் அவர் பெயரில் ஒரு ஸ்பேனர் காப்புரிமை பதிவானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வாகனத் திருட்டைத் தடுக்கும் கருவிக்கு இன்னொன்று. முஷ்டியால் பேர் வாங்கிய மனிதர் இறுகப் பிடிக்கும் தாடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை. அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2018இல். அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

மறுபடி ஆட்டத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஆட்டம் என்றால் பகை. ஆனால் அவர் மதித்த ஒரு கருவியில் ஆட்டம்தான் உயிர், அதை அவரே எனக்குக் காட்டினார். அது பைப் ரிஞ்ச். அதன் கொக்கித் தாடையைத் தொட்டாலே முன்னும் பின்னும் லொடலொடவென்று ஆடும். செய்தவன் வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறான். குழாய் உருண்டை, பிடிக்க முகம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் அந்தத் தளர்ந்த தாடை சாய்கிறது, சாய்ந்து பற்களைக் குழாயில் பதிக்கிறது. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பதியும். அம்மா கொதிக்கும் குழம்புச் சட்டியை இடுக்கியால் தூக்கும்போதும் இதுதான் நடக்கும்: சட்டியின் கனமே இடுக்கியை இறுக்கும், கனம் கூடக்கூடப் பிடியும் கூடும். அப்பா இடுக்கியைக் கையில் வாங்கிக் காட்டிவிட்டு, "உங்கம்மா தினமும் பண்றதத்தான் அந்த வெள்ளக்காரன் பண்ணிருக்கான்" என்றார். அம்மா இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அந்த வெள்ளைக்காரர் டேனியல் ஸ்டில்சன். பாஸ்டனுக்கு அருகே வால்வொர்த் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரத்தில் ஒரு மாதிரி செதுக்கிக் கொண்டுபோய்க் காட்டினாராம். இரும்பில் செய்து வா, ஒன்று குழாய் முறிய வேண்டும் அல்லது ரிஞ்ச் உடைய வேண்டும் என்றாராம் முதலாளி. குழாய் முறிந்தது என்பது கதை. காப்புரிமை 1869இல் வந்தது. ராயல்ட்டியாக அவருக்குக் கிடைத்தது எண்பதாயிரம் டாலர் அளவில் என்று சொல்வார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் எந்தப் பிளம்பரின் பையிலும் அந்த லொடலொடப்பு இருக்கிறது. ஆட்டத்தை ஒழிக்கப் பாடுபட்ட பல பேரில் முக்கால்வாசிப் பேரின் கருவிகள் பழம்பொருள் சேர்ப்பவர்களின் சுவரில் தொங்க, ஆட்டத்தை வேலைக்கு வைத்தவருடையது இன்னும் சாக்கடையில் இறங்கி உழைக்கிறது.

பைப் ரிஞ்சுக்கும் ஒரு குறை உண்டு. பளபளக்கும் குரோமியம் பூசிய நட்டில் வைத்தால் பல்லின் தடம் விழும். வாட்டர் பம்ப் பிளையரும் அப்படியே. பென்சில்வேனியாவின் மெட்வில்லில், பின்னாளில் சேனல்லாக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் 1930களில் அதைக் கொண்டுவந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் மாற்றி வாயை அகட்டலாம். ஆனால் தாடைகள் கத்தரிக்கோல் மாதிரி சாய்ந்து திறக்கும். இணையாகத் திறக்கும் தாடை வேண்டும் என்ற யோசனை அதற்கும் மூத்தது: நியூ ஹேவனில் வில்லியம் பெர்னார்ட் 1890இலேயே அப்படி ஒரு பிளையர் செய்துவிட்டார். இரண்டு யோசனையும் ஒரு உடம்பில் சேர நூறு வருஷம் பிடித்தது. ஜெர்மனியின் வுப்பர்ட்டாலில், 1882இல் தொடங்கிய நிப்பெக்ஸ், பிளையரும் ஸ்பேனரும் கலந்த ஒன்றைச் செய்தது. பல் கிடையாது, வழுவழுப்பான இரண்டு தாடைகள், எந்த அளவிலும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். கையின் அழுத்தத்தைப் பத்து மடங்காக்கித் தாடைக்குக் கொடுக்கும்.

அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது தாத்தாவுக்கென்று அதை ஒன்று வாங்கி வந்தான். அப்பா அப்போது ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது, கண்ணும் மங்கியிருந்தது. வாங்கியதும் பழக்கதோஷம், காதருகே கொண்டுபோய் ஆட்டினார். தாராளமாக ஆடியது. முகத்தைச் சுளித்தார். பிறகு எழுந்துபோய்க் குளியலறைக் குழாயின் குரோமிய நட்டில் வைத்து அமுக்கினார். சத்தம் நின்றது. திருப்பினார், பிடியைத் தளர்த்திப் பின்னால் கொண்டுவந்தார், மறுபடி அமுக்கித் திருப்பினார். கருவியை எடுக்காமலே வேலை நடந்தது. நட்டை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை.

"ஆட்டம் எங்கடா போச்சு?"

"நீங்க அமுக்குறீங்கல்ல தாத்தா, அதுல போயிடுது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கைய எடுத்தா?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் ஆட்டத்தைப் பிழிந்து எடுப்பது கைதான். கை போனால் பிடியும் போகும்.

கையை எடுத்தாலும் விடாத பிடியைத் தேடியவர் ஒரு கொல்லர். வில்லியம் பீட்டர்சன், டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர், நெப்ராஸ்கா மாநிலத்தின் டிவிட் என்ற சின்ன ஊரில் உலை வைத்திருந்தார். பழுக்கக் காய்ந்த இரும்பை ஒரு கை பிடித்திருந்தால் மறுகைக்குத்தான் வேலை. பிடிக்கிற கையை விடுவிக்க வேண்டும். மாதிரிகள் செய்து செய்து பார்த்தாராம். 1921இல் முதல் காப்புரிமை. 1924இல் தாடை பூட்டிக்கொள்ளும் வடிவம். வைஸ்கிரிப் என்று பெயர் வைத்தார். நம் ஊரில் கிரிப் பிளையர், லாக்கிங் பிளையர். இங்கிலாந்துக்காரர்களுக்கு மோல் கிரிப்.

அதன் உள்ளே இருப்பது ஒரு குட்டித் தண்டு. கைப்பிடியை அமுக்க அமுக்க மூன்று மூட்டுகளும் ஒரு நேர்கோட்டை நோக்கி வருகின்றன. நேர்கோட்டை நெருங்கும் கடைசித் தருணத்தில் கையின் சிறு அழுத்தம் தாடையில் பல மடங்காகிறது. கோட்டை ஒரு துளி தாண்டியதும் 'டக்'. இனி தாடை திறக்க முயன்றால் அந்த விசையே தண்டை இன்னும் பூட்டும் பக்கமாகத் தள்ளும். கைப்பிடியின் வால்பக்கத் திருகால் வாயின் அளவை வைத்துக்கொள்ளலாம். 'டக்' என்று விழும் அந்தக் கணத்தில் பிளையரின் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளைந்த எஃகு நிமிரப் பார்க்கிறது, நிமிர விடாமல் தண்டு தடுக்கிறது. அந்த இழுபறிதான் பிடி. ஸ்க்ரூ ஸ்பேனரில் அப்பா குறையென்று கண்ட அதே மயிரிழையை பீட்டர்சன் உள்ளே அடைத்துப் பூட்டிவிட்டார். இதைப் புரிந்துகொண்ட நாளில் அப்பாவிடம் சொல்ல ஆசைப்பட்டேன், அவர் இல்லை.

டிவிட் தொழிற்சாலை 2008 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டது. உற்பத்தி சீனாவுக்குப் போயிற்று. சில நூறு பேர் வாழும் ஊரில் முந்நூறு வேலைகளுக்கு மேல் ஒரே நாளில் போவது என்னவென்று ரயில்வே காலனியில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொன்மலைப் பணிமனையே 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்ததுதான். எங்கள் தெருவின் பழைய குடும்பங்களில் நாகப்பட்டினத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

யோஹான்சன் அப்படி எதையும் பார்க்கக் காத்திருக்கவில்லை. 1916இல் பட்டறையை யோர்ட்டிடம் ஒப்படைத்துவிட்டு, 1919இலிருந்து வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்ளும் மின்விளக்குகள் செய்யப் போனார். நூற்றுக்கு மேல் காப்புரிமைகள், 1943 வரை வாழ்ந்தார். நகர்வது, நின்ற இடத்தில் நிற்பது, இந்த இரண்டுக்கும் நடுவிலேயே ஆயுசு முழுக்கச் சுற்றியவர் என்று தோன்றும்.

கிரிப் பிளையரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அண்ணன். அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளில் கியர் லிவரின் பற்கள் தேய்ந்து, ஷாஃப்டில் நிற்காமல் சுற்ற ஆரம்பித்தது. லால்குடியிலிருந்து வரும் வழியில் லிவரே கழன்று விழ, அங்கேயே ஒரு கடையில் கிரிப் பிளையர் வாங்கி ஷாஃப்டில் கவ்வவைத்து, அதைக் காலால் மிதித்துக் கியர் மாற்றி வீடு வந்து சேர்ந்தான். அப்பாவுக்குக் கோபம். "பிடிக்கிற சாமான் வேற, மிதிக்கிற சாமான் வேற" என்றார். ஆனால் இரவில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார், காலால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். புது லிவர் வாங்கவே இல்லை. பிளையரோடு வண்டி மாதக்கணக்கில் ஓடியது.

கடைசியில் வண்டியை விற்கும்போது மண்ணச்சநல்லூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கிக்கரை உதைத்து, சத்தத்தைக் கேட்டு, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தவர் பிளையரைக் கண்டதும் நிமிர்ந்தார். இதுவும் சேர்த்துத்தானே என்றார். இல்லை, கழற்றிக்கொள்வேன் என்றான் அண்ணன். அப்புறம் நான் எப்படி ஓட்டிக்கொண்டு போவது என்றார் அவர். பேச்சு வளர்ந்தது. உள்ளிருந்து அப்பாவின் குரல்:

"ஏப்பா, பிளையருக்கு ஒரு வெலயப் போட்டு வாங்கு. வண்டிய சும்மா குடுத்துரு."

வந்தவர் சிரிக்கவில்லை. பிளையரோடு சேர்த்து ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டார்.